நகையில் எவ்வளவு, ஜரிகையில் எவ்வளவு?

கல்யாண ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் காலையில் காந்தி ரோட்டிலோ டி.கே.நம்பி தெருவிலோ புடவை பார்த்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் நகைக்கடைக்குப் போகிறார்கள். இரண்டு இடத்திலும் 'தங்கம்' என்ற பேச்சு அடிபடும். நகைக்கடையில் கால் கிராமுக்கும் தராசை எட்டிப் பார்க்கிற அதே அம்மா, புடவைக் கடையில் "அசல் தங்க ஜரிகைங்க" என்று சொன்னவுடன் தலையாட்டிவிட்டு அடுத்த புடவையைப் பிரிக்கச் சொல்கிறார். நகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைப் பங்கு தங்கம் இருக்கலாம். ஜரிகையில் நூற்றுக்கு அரைப் பங்கு இருந்தாலே அது நல்ல ஜரிகை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து விற்பதில் குற்றமில்லை. வாங்குகிறவர் கணக்குக் கேட்காமல் இருப்பதில்தான் சிக்கல்.

அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தரப் போகிறேன். எதை வாங்கினாலும் 'இதில் சுத்தத் தங்கம் எத்தனை கிராம்?' என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டுபிடியுங்கள். விலை, டிசைன், தள்ளுபடி எல்லாம் அதற்குப் பின்னால்.

காரட்டும் மாற்றும்

காரட் என்பது இருபத்து நான்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 24 காரட் முழுத் தங்கம். 22 காரட் என்றால் 24 பங்கில் 22 தங்கம், மீதி இரண்டு பங்கு செம்பும் வெள்ளியும் போன்ற வேறு உலோகம். ஆயிரத்துக்கு எவ்வளவு என்று இதையே மாற்றிச் சொன்னால் 916. எல்லார் வாயிலும் புழங்கும் 'நைன் ஒன் சிக்ஸ்' அதுதான். 18 காரட் 750, 14 காரட் 585, 9 காரட் 375. நகையில் குத்தியிருப்பது ஆயிரத்துக் கணக்கு என்பதால், காரட்டைவிட அந்த மூன்றிலக்க எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நகையின் எடையை அந்த எண்ணால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுத்தத் தங்கம் கிடைத்துவிடும். 20 கிராம் சங்கிலியில் 916 என்றிருந்தால் 18.32 கிராம்.

நம் ஊர் பழைய கணக்கு வேறு. உரைகல்லில் தேய்த்து, மாற்று அறிந்த ஊசிகளின் கோட்டோடு ஒப்பிட்டு 'இத்தனை மாற்று' என்பார்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நல்ல மனிதர்களைப் புகழ்வது அந்தக் கணக்கின் மிச்சம். தொழில் எவ்வளவு கட்டுப்பாட்டோடு நடந்தது என்று பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போல் தள்ளியிருக்கும் உத்திரமேரூருக்குப் போக வேண்டும். குடவோலைக் கல்வெட்டுகள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் வருகிறது. தங்கத்தை மதிப்பிடும் பொறுப்பை ஊர்ச்சபை தனி வாரியத்திடம் விட்டிருந்தது. அதே ஊரின் இன்னொரு கல்வெட்டு, ஊரார் பொன்னை உரைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விதி சொல்கிறது. உரைகல்லில் ஒட்டிய பொன்துகளை எடுக்கும் மெழுகை அவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். மெழுகில் ஒட்டிய பொடிக்கே கணக்குக் கேட்ட ஊர் அது! இன்று கடைக்காரரிடம் பில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சவரனையும் இங்கேயே முடித்துவிடுவோம். நம் பவுன் கணக்கு இங்கிலாந்து சவரன் நாணயத்திலிருந்து வந்தது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம், 22 காரட். அதை முழுதாக்கி நாம் எட்டு கிராம் என்று வைத்துக்கொண்டோம். எட்டு கிராம் 916 நகையில் இருக்கும் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். பழைய நாணயத்தில் இருந்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். தமிழ்நாட்டில் நகை என்றால் 22 காரட் என்ற வழக்கம் இவ்வளவு ஆழமாக ஊன்றியிருப்பதற்கு அந்த நாணயத்துக்கும் பங்கு உண்டு. பவுன் என்று எடை பேசும்போதே 22 காரட் என்ற தரமும் சொல்லாமல் கூட வந்துவிடுகிறது. அதனால்தான் 18 காரட் நகையை 'மூணு பவுன்' என்று சொல்லிக் காட்டினால் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. எடை மூன்று பவுன்தான். தங்கம் மூன்று பவுனுக்குரியது இல்லை.

எதற்கு எந்தக் காரட்

கணக்குச் சுலபமாக இருக்க, சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் 22 காரட் கிராம் 9,160, 18 காரட் 7,500, 14 காரட் 5,850, 9 காரட் 3,750. கடையில் 18 காரட்டுக்கு இந்த விகிதத்தைவிட அதிகம் சொன்னால், அந்தக் கூடுதல் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தங்கத்துக்கு என்று அதற்குப் பதில் இருக்க முடியாது.

நாளைக்கு அடகுக்கோ விற்பனைக்கோ போகக்கூடிய நகை, அதாவது சங்கிலி, வளையல், ஆரம் எல்லாம் 22 காரட்டாக இருப்பதே நம் ஊரில் வசதி. அதன் மதிப்பு எந்தத் தெருவிலும் எல்லாருக்கும் தெரியும். பேரம் குறையும், சந்தேகம் குறையும். தினமும் போட்டுக் குளித்து, தூங்கி, பஸ்ஸில் ஏறி இறங்குகிற மெல்லிய சங்கிலிக்கு 22 காரட் கொஞ்சம் மென்மைதான். கொக்கிப் பக்கம் தேய்ந்து இளைக்கும். கனத்தைக் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். ஒரு கிராம் மிச்சம் பிடித்து, பிறகு சங்கிலியையே தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

கல் பதித்தவை வேறு விஷயம். வைரத்தைப் பிடித்து நிற்கும் நகங்கள் வளையாமல் இருக்க வேண்டும். 22 காரட்டில் அவை நாளடைவில் நெகிழ்ந்து கல் ஆடும். அதனால்தான் வைரத் தோடும் மோதிரமும் இப்போது பெரும்பாலும் 18 காரட்டில் வருகின்றன. வைர நகையை 18 காரட்டில் வாங்குவது தரக்குறைவு என்று பாட்டிமார் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். கெம்பு, பச்சை என்று மூடிய கட்டில் பதிக்கும் பழைய பாணிக்கு 22 காரட் சரிவரும்; அங்கே கல்லைச் சுற்றித் தங்கம் சுவர்போல நிற்கிறது.

வெள்ளைத் தங்கம், ரோஸ் கோல்டு என்று இளையவர்கள் கேட்பதெல்லாம் 18 அல்லது 14 காரட்டில்தான் எடுப்பாக வரும். மஞ்சள் நிறத்தை மாற்ற அத்தனை கலவை வேண்டும். ரோஸ் நிறம் செம்பால் வருவது. வெள்ளைத் தங்கத்துக்கு மேலே ரோடியம் பூச்சு ஏற்றியிருப்பார்கள். சில வருடத்தில் அது தேய்ந்து உள்ளே இளமஞ்சள் தெரியும், மறுபடி பூச வேண்டும். வாங்கும்போதே பூச்சுக் கூலியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

9 காரட்டுக்கு 2025 ஜூலையில் ஹால்மார்க் அங்கீகாரம் கிடைத்தது. கல்லூரிப் பெண்ணுக்கு ஆசைக்கு ஒரு மோதிரம் என்றால் தாராளமாக வாங்கலாம். சீர்வரிசைக் கணக்கில் அதைப் பவுனாக எண்ணி வைப்பது மட்டும் வேண்டாம். எடையில் பாதிகூடத் தங்கம் இல்லாத நகையைச் சம்பந்தி வீட்டில் பவுனாகச் சொல்லிவிட்டு, பிறகு யார் முகத்தில் விழிப்பது?

24 காரட்டில் நகை செய்தால் நசுங்கும். சேமிப்புக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு 24 காரட் சரி. செய்கூலி குறைவு, கல் இல்லை, அரக்கு இல்லை. ஆனால் காசை மாற்றி நகை செய்யும் எண்ணம் இருந்தால், வாங்கும்போதே அந்தக் கடையின் திரும்ப எடுக்கும் விதியைக் கேளுங்கள். எல்லாக் கடையும் எல்லாக் காசையும் முழு விலைக்கு எடுப்பதில்லை.

மூன்று முத்திரை, ஆறு எழுத்து

நகைக்கு ஹால்மார்க் முறை 2000ஆம் ஆண்டு வந்தது. விருப்பமுள்ள கடைகள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருபது வருடம் ஓடியது. 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. பிறகு மாவட்டங்கள் கூடிக்கொண்டே வந்தன. 2021 ஜூலையிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஹெச்யூஐடி என்ற ஆறு எழுத்து அடையாளம் குத்துகிறார்கள். எண்ணும் எழுத்தும் கலந்தது. ஒரு நகைக்கு உள்ளது இன்னொன்றுக்கு இருக்காது. 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு, ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் இந்த அடையாளம் இல்லாத நகையைக் கடையில் விற்கக் கூடாது.

ஆக, நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தர எண், அந்த ஆறு எழுத்து. சங்கிலியில் கொக்கிக்குப் பக்கத்துத் தகட்டிலும், வளையலில் உட்புறத்திலும், மோதிரத்தில் உள்வளைவிலும் தேடுங்கள். லேசரில் குத்தியது, வெறுங்கண்ணுக்குப் புள்ளி போலத்தான் தெரியும். கடையில் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

பார்த்தால் போதாது, சரிபார்க்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் ஆறு எழுத்தையும் அடித்தால் எந்த மையத்தில் ஹால்மார்க் போட்டது, என்றைக்குப் போட்டது, என்ன தரம், என்ன வகை நகை என்று காட்டும். கடைசிச் செய்தியைத்தான் பலரும் படிக்காமல் விடுகிறார்கள். கையில் இருப்பது மோதிரம், செயலியில் வருவது சங்கிலி என்றால் அந்த எண் வேறு நகைக்குரியது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை, நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம்.

கவுன்டரில் இந்தப் பேச்சு ஏறத்தாழ இப்படி நடக்கும்.

"தம்பி, நம்பரைக் கண்ணாடி வச்சுக் காட்டுப்பா."

"எல்லாமே நைன் ஒன் சிக்ஸ்தாம்மா. இருபது வருசக் கடை."

"கடையைச் சொல்லலப்பா. பொண்ணு போன்ல அடிச்சுப் பார்க்கணும்ங்கறா."

இப்படிப் பெண்ணின் மேலோ பேரன் மேலோ பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நல்ல கடையில் விற்பனையாளரே எண்ணைப் படித்துச் சொல்லிவிடுவார்.

ஹால்மார்க் கட்டணம் நகைக்கு இத்தனை என்று வாங்குவது, கிராமுக்கு இத்தனை என்று அல்ல. 2022இல் அது ஒரு நகைக்கு 45 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதனால் 'ஹால்மார்க் நகை, அதான் விலை கூட' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2021க்கு முன் வாங்கிய பழைய ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து இருக்காது. கடையின் குறியும் சோதனை மையத்தின் குறியும் இருக்கும். வீட்டில் இருக்கும் அந்த நகைகள் செல்லும். ஹால்மார்க்கே இல்லாத பாட்டி காலத்து நகையையும் நீங்கள் விற்கலாம், அடகு வைக்கலாம். விற்கும் கடைக்குத்தான் கட்டாயம், உங்களுக்கு இல்லை.

முத்திரை எட்டாத இடம்: தாலியும் மூக்குத்தியும்

இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. சட்டப் புத்தகத்தில் சின்ன விலக்காகத் தெரியும் இது, தமிழ்க் கல்யாணத்தில் பெரிய விஷயம். மூக்குத்தி, தாலிக் குண்டு, லட்சுமி காசு, மாங்காய், குழந்தையின் காது குத்துக்கு வாங்கும் தோடு எல்லாம் தனித்தனியாக நிறுத்தால் பெரும்பாலும் இரண்டு கிராமைத் தாண்டாது. வீட்டிலேயே அதிகப் புனிதமாக நினைக்கும் தங்கத்துக்குத்தான் முத்திரை இல்லை.

தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு உள்ள வீடுகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. தரம் தெரிந்த காசு ஒன்றை, உறையோடும் சான்றோடும் வாங்கி, ஆசாரியிடம் உங்கள் கண் முன்னால் நிறுத்துக் கொடுங்கள். உருக்கிச் செய்து முடித்த தாலியையும் திரும்ப நிறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை காரட்டில் செய்கிறார், அதற்கு எவ்வளவு செம்பு சேர்க்கிறார் என்பதை நல்ல நாள் பார்க்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். பொன் உருக்கும் நேரத்தில், உறவெல்லாம் கூடி நிற்கும்போது, யாருக்கும் கேள்வி கேட்க வாய் வராது. கடையில் வாங்குகிறவர்கள் குண்டு, காசு ஒவ்வொன்றின் எடையும் தரமும் பில்லில் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'தாலி உருப்படி செட், 22 காரட்' என்று ஒரே வரியில் போட்டுத் தந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

'கேடிஎம்' என்ற சொல் இன்னும் கடைத்தெருவில் புழங்குகிறது. அந்தக் காலத்தில் நகையின் துண்டுகளைச் செம்பும் வெள்ளியும் கலந்த பொடி வைத்துப் பற்ற வைப்பார்கள். நகையின் உடம்பு 22 காரட்டாக இருந்தாலும் உருக்கினால் பற்றுப் பொடியும் சேர்ந்து தரம் இறங்கிவிடும். பிறகு காட்மியம் கலந்த பற்று வந்தது. அதிலேயே தங்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்பதால் உருக்கினாலும் தரம் நின்றது. அதற்குச் சூட்டியதுதான் கேடிஎம் என்ற பெயர். காட்மியப் புகை ஆசாரிகளின் நுரையீரலைக் கெடுத்தது. பிஐஎஸ் அதை ஏற்பதில்லை. இன்று யாராவது கேடிஎம் என்று பெருமையாகச் சொன்னால், ஹால்மார்க்கைக் காட்டுங்கள் என்று கேட்டாலே போதும்.

பில்லைப் படிக்கும்போது

எடை என்று போட்டிருப்பதில் கல்லும் அரக்கும் சேர்ந்திருக்கிறதா, கழித்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அட்டிகை, ஒட்டியாணம், உள்ளே கூடாக இருக்கும் காப்பு இவற்றில் அரக்கு இருக்கும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தால் நேர்மையான பில். சேதாரம் நூற்றுக்கு இத்தனை என்று போடுவது வழக்கம். அது செய்யும்போது வீணாகும் தங்கம் என்பது பழைய விளக்கம். மெஷினில் அச்சடித்து வரும் நகைக்கும் கைவேலை ஆரத்துக்கும் ஒரே சேதாரம் கேட்டால் பேரம் பேசலாம், பேச வேண்டும். ஜிஎஸ்டி 3 விழுக்காடு.

பழைய நகையை மாற்றும்போது உருக்கிப் பார்த்து எடை போடச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் உருக்க முடியாது என்கிற இடத்தில் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

கண்ணுக்குத் தெரியாதது

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் புதிதாக வார்த்த சோமாஸ்கந்தர் உற்சவர் திருமேனியில் சேர்க்க வேண்டிய தங்கம் சேரவில்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் புகார் எழுந்து வழக்கானது காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் தெரியும். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் ஐஐடி நிபுணர்களை அழைத்துவந்து கருவி வைத்துச் சோதித்தார்கள். யார் பொறுப்பு என்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. தினமும் அலங்காரமும் ஆராதனையும் செய்து பக்கத்திலேயே நிற்கிறவர்களால்கூட, கருவி இல்லாமல் உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. நகைக்கும் அதே கதி. பளபளப்பும் கனமும் எதையும் நிரூபிப்பதில்லை.

கடைகளில் காரட் மீட்டர் என்று வைத்திருப்பது எக்ஸ்ரே கதிரால் மேற்பரப்பைப் படிக்கும் கருவி. நகையைக் கெடுக்காது, ஒன்றிரண்டு நிமிடத்தில் எண்ணைச் சொல்லும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். கனமாகத் தங்கப் பூச்சு ஏற்றியிருந்தால் ஏமாறும். கடைசித் தீர்ப்புக்கு நெருப்புச் சோதனைதான். நகையிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, வெள்ளி சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் சாம்பல் கிண்ணத்தில் இழுபட்டுப் போகும். மிஞ்சிய குண்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும்; அதை நிறுப்பார்கள். ஹால்மார்க் மையங்களில் இரண்டு முறையும் உண்டு. பொதுமக்களும் தங்கள் நகையைக் கொண்டுபோய்ச் சோதிக்கலாம். நான்கு நகை வரை 200 ரூபாய் என்று 2022இல் கட்டணம் வைத்தார்கள்.

ஹால்மார்க் போட்ட நகை சோதனையில் குறைந்தால் என்ன செய்வது? பிஐஎஸ் விதிகள் 2018 தெளிவாகச் சொல்கின்றன. குறைந்த தரத்துக்கு உரிய தொகையைப் போல் இரண்டு மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்குகிறவருக்குத் தர வேண்டும். மூன்று பவுன் சங்கிலி, 24 கிராம். 916 என்று குத்தியிருக்கிறது. சோதனையில் 880 வந்தது. ஆயிரத்துக்கு 36 குறை என்றால் 24 கிராமில் 0.864 கிராம் சுத்தத் தங்கம் குறைவு. நம் கணக்கு விலையில் 8,640 ரூபாய். இரண்டு மடங்கு 17,280. பில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

இனி ஜரிகை

வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள் யாரும் அதற்கு மாற்றுக் கேட்பதில்லை, அது நம்பிக்கை. முகூர்த்தப் புடவைக்கு எழுபதாயிரம், ஒரு லட்சம் என்று எண்ணி வைக்கும் இடத்தில் அந்த நம்பிக்கையை நீட்ட வேண்டியதில்லை.

அசல் ஜரிகை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உலோகக் கம்பியை மயிரிழைபோல இழுத்து, தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் சுற்றுவார்கள். அதற்கு மேல் மின்முலாமாகத் தங்கம் ஏறும். ஆக உடம்பு வெள்ளியும் செம்பும், நெஞ்சு பட்டு, தோல்தான் தங்கம். காஞ்சிபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் அரசு நிறுவனம். கூட்டுறவுச் சங்கத் தறிகளுக்கு ஜரிகை தருவது இதன் வேலை. சூரத்திலிருந்தும் நிறைய வருகிறது. முன்பு நூற்றுக்கு 57 பங்கு வெள்ளி, 0.6 பங்கு தங்கம், 24 பங்கு பட்டு என்று இருந்தது தர அளவு. உலோக விலை ஏற ஏற அது 40 பங்கு வெள்ளி, 35.5 செம்பு, 24 பட்டு, 0.5 தங்கம் என்று இறங்கியது.

இப்போது நம் பழக்கப்படி கேள்வியைக் கேட்போம். 100 கிராம் ஜரிகையில் சுத்தத் தங்கம் அரை கிராம், வெள்ளி 40 கிராம். ஜரிகையை மார்க் கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். ஒரு மார்க் முழுவதும் ஒரே புடவையில் போனாலும் தங்கம் 1.2 கிராம்தான், வெள்ளி 96 கிராம். தங்கம் கிராம் 10,000, வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்தால், 100 கிராம் ஜரிகையில் தங்கம் 5,000, வெள்ளி 4,000. புடவை விலையில் இது போக மிச்சம் பட்டுக்கும், நெய்தவர் கூலிக்கும், உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வை வேலைக்கும், கடைக்கும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்வதற்குத்தான் பணம் கொடுக்கிறோம். புடவையைத் தங்க முதலீடு என்று யாராவது விற்றால் அப்போது சிரிக்கலாம்.

சந்தையில் ஜரிகை மூன்று விதம். அசல் ஜரிகை மேலே சொன்னது. டெஸ்டட் ஜரிகை என்பது செம்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சும் தங்க நிறமும். மூன்றாவது பிளாஸ்டிக் தகட்டு நூல். மூன்றையும் பட்டுப் புடவையில் நெய்யலாம், மூன்றும் கடை வெளிச்சத்தில் மின்னும். டெஸ்டட் ஜரிகைப் புடவை வாங்குவது குற்றமில்லை. அசல் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம். சில வருடத்தில் அது கறுத்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வீட்டில் செய்யும் சோதனைகளுக்கு எல்லை உண்டு. முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் நிமிண்டினால் சுற்று அவிழும். உள்ளே சிவப்புப் பட்டு இருந்தால் நல்ல அறிகுறி, அவ்வளவே. டெஸ்டட் ஜரிகைக்கும் சிவப்பு நூல் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நெருப்பில் காட்டி உருகிக் குண்டானால் பிளாஸ்டிக், சந்தேகமே இல்லை. மேல்பூச்சைச் சுரண்டி, வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி, சிவந்தால் செம்பு என்பது பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு. இன்றைய அளவில் அசல் ஜரிகையிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செம்பு இருப்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே கருவிச் சோதனைதான் நம்பகமான வழி. காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, முருகன் போன்ற கூட்டுறவுச் சங்கங்களில் வாங்கினால் ஜரிகைத் தரத்துக்கு எழுத்தில் பதில் கிடைக்கும். தனியார் கடையிலும் 'வெள்ளி இத்தனை, தங்கம் இத்தனை' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வது பில்லில் வரவில்லை என்றால் அதுவே ஒரு சோதனை முடிவு.

சில்க் மார்க் பற்றி ஒரு எச்சரிக்கை. மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் வரும் அந்த அட்டை, நூல் அசல் பட்டு என்பதற்குச் சான்று. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரையும் நெய்யும் முறையையும் காக்கிறது. உங்கள் கையிலிருக்கும் குறிப்பிட்ட புடவையின் ஜரிகையைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

பீரோவில் கிழிந்து கிடக்கும் பாட்டியின் கூரைப்புடவையைக் கடைசியாகச் சொல்கிறேன். 'பழைய பட்டுப் புடவை இருக்கா' என்று வாசலில் வருகிறவர் புடவைக்கு இவ்வளவு என்று மொத்தமாக விலை சொல்வார். அவர் வாங்குவது ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக. எரித்து உருக்கி எடுப்பார்கள். பழைய புடவைகளில் வெள்ளி இன்றைய அளவைவிடக் கூடுதலாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஜரிகைப் பகுதியை வெட்டித் தனியாக நிறுத்து, கிராமுக்கு என்ன தருகிறார் என்று கேளுங்கள். 57 பங்குக் கணக்கில் 150 கிராம் ஜரிகையில் வெள்ளி மட்டும் 85 கிராமுக்கு மேல், தங்கம் 0.9 கிராம். வந்தவர் தங்கத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நீங்கள் திறக்க வேண்டும். அவர் சொல்லும் விலை அன்றைய வெள்ளி விலையில் பாதிகூட வரவில்லை என்றால் புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, ஜரிகை உருக்கும் கடைகள் இரண்டில் விசாரித்துக்கொண்டு வாருங்கள்.